பன்னிரண்டில் ஒரு தரம்

தொழிற்பள்ளியில் பழகுகிற நீங்கள் மூன்று பேரும் சேர்ந்து அனுப்பியிருந்த கேள்வி கிடைத்தது. சிங்கிள் அக்‌ஷன் ரிவால்வரின் விசையை மென்மையாக்குவதில் 'மாமா' என்று நீங்கள் கூப்பிடுகிற என்னைப் போல ஒருவர் இல்லை என்று பட்டறைகளில் இன்றைக்கும் சொல்கிறார்களாம். அந்த அனுபவத்தை எழுதித் தரச் சொல்லியிருக்கிறீர்கள். கேள்வியை எழுதிய தங்கச்சி, துவக்குத் தொழில் பழகப் போன முதல் தமிழ்ப் பிள்ளை நீங்களாகத்தான் இருக்கும். சந்தோசப்பட வேண்டும் என்று நினைத்தேன். அன்றைக்குச் சாப்பிட முடியவில்லை.

எந்தக் கல்லை எடுப்பது, எந்தப் பக்கமாக உரைஞ்சுவது என்பதெல்லாம் உங்கள் தொழிற்பள்ளியில் சொல்லித் தருவார்கள். என்னைவிட நன்றாகவே சொல்வார்கள். நான் ஒரேயொரு துவக்கைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். அது என் மேசைக்கு மூன்று முறை வந்தது. மூன்றாம் முறை நான் செய்ததைப் பொலிசுக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். அதற்கான தண்டனையும் வந்து போய்விட்டது, லேசான தண்டனை. ஆகவே ஒளிக்க இனி ஒன்றுமில்லை. தொழில் செய்கிறவர்களுக்குத்தான் இன்னும் சொல்லவில்லை.

ஊரில் சண்டை முடிந்த அதே 2009ஆம் ஆண்டு, நான் வேலை செய்த தொழிற்சாலை ஆட்களைக் குறைத்தது. எனக்கு ஐம்பது வயது. யாழ்ப்பாணத்தில் லேத் பட்டறையில் பழகிய கை, இங்கே வந்து இருபது வருடம் உலோகத்தோடு கிடந்த கை. நகரத்தின் ஓர்லிகோன் பகுதியில் ஒரு பின்வீதியில் இருந்த துவக்குக் கடையில் திருத்த வேலைக்கு ஆள் தேவை என்று விளம்பரம் பார்த்துப் போனேன். கடை ஒரு பெண்ணுடையது. என்னைவிடப் பத்து வயது குறைவு. தகப்பனுக்குப் பிறகு கடையை எடுத்து நடத்தினா. நாங்கள் அவவை 'செஃபின்' என்றுதான் கூப்பிடுவோம், எசமானி என்ற அர்த்தத்தில். ஒரு உடைந்த பூட்டைத் தந்து திருத்தச் சொன்னா. திருத்தினேன். அடுத்த நாளே வேலைக்கு வரச் சொன்னா.

எங்கள் ஆட்கள் சிரித்தார்கள். "துவக்குக்குப் பயந்து ஓடி வந்தவன் துவக்குத் திருத்தப் போறானாம்" என்று கோயிலில் என் முகத்துக்கு நேரேயே ஒருவர் சொன்னார். நானும் சிரித்தேன். வேறு என்ன செய்வது, வீட்டில் மூன்று பிள்ளைகள்.

அந்தக் கடையில்தான் ரெட்டோவைச் சந்தித்தேன். எங்கடின் என்ற பனிமலைப் பள்ளத்தாக்கில் ரயில் ஓட்டியவர். கை மூட்டுகளில் வாதம் வந்ததால் நேரத்தோடு ஓய்வு கொடுத்துவிட்டார்கள். பழைய காலத்து ரிவால்வர்களை வைத்துச் சுடுகிற ஒரு சங்கத்தில் இருந்தார். மனைவி இல்லை. ஒரே மகள் செரைனா, பனிச்சறுக்கல் சொல்லிக் கொடுக்கிறவள். ஞாயிற்றுக்கிழமைகளில் தகப்பனும் மகளும் சேர்ந்து சுடப் போவார்கள். அதுதான் அவருடைய கிழமை முழுவதும்.

முதல் முறை அவர் கொண்டுவந்த ரிவால்வரின் விசை கல்லுக் கல்லாக இழுபட்டது. தொழிலுக்கு வெளியில் இருந்து இதைப் படிக்கிறவர்களுக்காக ஒன்று சொல்கிறேன். இந்த வகைத் துவக்கில் ஒவ்வொரு வெடிக்கும் பின்னாலிருக்கிற சுத்தியலைக் கட்டைவிரலால் இழுத்து நிறுத்த வேண்டும். நிறுத்திய சுத்தியலைப் பிடித்து வைத்திருப்பது தலைமயிர் அளவான ஒரு விளிம்பு. விசையைத் தொட்டால் விளிம்பு நழுவும், சுத்தியல் விழும், வெடிக்கும். விசையை மென்மையாக்குவது என்றால் அந்த விளிம்பில் கை வைப்பது. அவ்வளவுதான். அதற்கு மேல் ஒன்றுமில்லை, அதற்குக் குறைவாகவும் ஒன்றுமில்லை.

நான் செய்து கொடுத்த துவக்கைக் கையில் எடுத்து ஒரு தரம் இழுத்துப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது. "கண்ணாடிக் கம்பு முறியிற மாதிரி இருக்கு" என்றார். அடுத்த கிழமை தபாலில் எங்கடின் கொட்டைக் கேக் ஒன்று வந்தது. அவருடைய சங்கத்து ஆட்கள் ஒவ்வொருவராக வரத் தொடங்கினார்கள். "அந்தத் தமிழரிட்டைக் குடுங்கோ" என்று கேட்டு வந்தார்கள். ஐம்பது வயதில் முதன்முதலாக இந்த நாட்டில் என்னைத் தேடி ஆட்கள் வந்தார்கள். அந்தச் சுகம் என்னவென்று உங்களுக்குச் சொல்ல வேண்டும். அது கண்ணை மறைக்கும்.

இரண்டு வருடம் கழித்து ரெட்டோ திரும்பவும் வந்தார். விரல்கள் பக்கவாட்டில் வளையத் தொடங்கியிருந்தன. இன்னும் லேசாக வேண்டும் என்றார். செஃபின் அவருடைய கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "ஒரு கிலோ. அதுக்குக் கீழ என்ர கடையால ஒரு துவக்கும் போகாது" என்றா. விசையில் ஒரு கிலோ பாரத்தைத் தொங்கவிட்டாலும் சுத்தியல் விழக்கூடாது, அது அவவுடைய கோடு. தகப்பனும் அதே கோட்டைத்தான் வைத்திருந்தாராம். ஒரு கிலோவுக்குச் செய்து கொடுத்தேன். ரெட்டோ நன்றி சொன்னார். இந்த முறை கண் கலங்கவில்லை.

அவர் போன பிறகு செஃபின் என்னிடம் சொன்னா: "இவர் திரும்ப வருவார். நான் இல்லாத நேரமாப் பாத்து வருவார். உங்கட கையில அவருக்கு நம்பிக்கை. அதாலதான் எனக்குப் பயமாயிருக்கு."

அவ சொன்னபடியே நடந்தது. அடுத்த வசந்தத்தில், தாய்க்குச் சத்திரசிகிச்சை என்று செஃபின் ஒரு கிழமை லீவில் நின்றபோது ரெட்டோ வந்தார். கடையில் விற்பனையைப் பார்க்கிறவர் முன்னால் நின்றார். நான் பின்னால் தனிய.

"செரைனா கனடாவுக்குப் போறாள்," என்றார். "இரண்டு வருச வேலை. போறதுக்கு முந்தின ஞாயிறு கடைசியாச் சுடப் போறம். என்னால இழுக்க ஏலாமல் இருக்கு. பாருங்கோ." வெறும் துவக்கைத் தூக்கி இழுத்துக் காட்டினார். விசை அசையவில்லை. இரண்டு கையாலும் இழுத்தார். ஒரு வளர்ந்த மனிதன் அப்படி நிற்கிறதைப் பார்க்க முடியவில்லை.

"செஃபின் விடமாட்டா," என்றேன்.

"ஒரு நாளைக்குத்தான். அதுக்குப் பிறகு சுவரில தொங்கவிட்டிடுவன். இனிச் சுடமாட்டன். மகளுக்கு முன்னால ஏலாதவனா நிக்க எனக்கு விருப்பமில்லை."

செய்தேன்.

தங்கச்சி, அந்தப் பின்னேரத்தை நான் பலமுறை பிரித்துப் பார்த்திருக்கிறேன். எந்த இடத்தில் நிறுத்தியிருக்கலாம் என்று. இரக்கம் இருந்தது, உண்மை. ஆனால் இரக்கம் பாதிதான். ஒரு கிலோவுக்குக் கீழே இவ்வளவு தூரம் இறக்கி, அதையும் நிற்க வைக்க என் கையால் முடியும் என்று காட்டுகிற ஆசைதான் மற்றப் பாதி. யாருக்குக் காட்ட? அங்கே யாரும் இல்லை.

வேலை முடிந்ததும் சோதித்தேன். சுத்தியலை இழுத்து நிறுத்தி, விசையைத் தொடாமல், பின்னாலிருந்து கட்டைவிரலால் தள்ளிப் பார்க்க வேண்டும். விழக்கூடாது. பன்னிரண்டு தரம் பார்ப்பது என் வழக்கம். ஏழாவது தரம் விழுந்தது. மற்றப் பதினொரு தரமும் நின்றது. விளிம்பை ஒரு பொட்டுத் துடைத்து, எண்ணெய் விட்டு, திரும்பப் பன்னிரண்டு தரம் பார்த்தேன். பன்னிரண்டும் நின்றது. தூசி ஏதும் இருந்திருக்கும் என்று எனக்கு நானே சொன்னேன்.

சுத்தியல் ஒரு தரம் விழுந்த துவக்கு, விழுந்த துவக்குத்தான். அதற்குப் பிறகு எத்தனை தரம் நின்றாலும் கணக்கில்லை. இது எனக்கு அன்றைக்குத் தெரியாதது இல்லை.

செய்த வேலையைப் பதிகிற துண்டில் 'ஒரு கிலோ' என்று எழுதினேன். செஃபினுடைய முத்திரையைக் குத்தினேன். ரெட்டோ முன்பக்கம் கதிரையில் காத்திருந்தார். ஏழாவது தரத்தைப் பற்றி அவருக்குச் சொல்லவில்லை. இழுத்துப் பார்த்தவர் குழந்தை மாதிரிச் சிரித்தார். என்னைக் கட்டிப் பிடித்தார். இந்த நாட்டில் இந்த வயது ஆண்கள் கட்டிப் பிடிக்க மாட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை, சுடுகளத்தில், அவர் சுத்தியலை இழுத்து நிறுத்திய பிறகு கை வழுக்கித் துவக்கின் பிடி பக்கத்து மேசை விளிம்பில் இடித்திருக்கிறது. இடித்த இடியில் சுத்தியல் விழுந்துவிட்டது. செரைனா பக்கத்தில் நின்று தன்னுடைய துவக்கை நிரப்பிக் கொண்டிருந்தாள். குண்டு அவளுடைய முழங்காலுக்கு மேலே புகுந்தது. ஹெலிகொப்டரில் கொண்டு போனார்கள். உயிரைக் காப்பாற்றினார்கள். காலைக் காப்பாற்ற முடியவில்லை.

எனக்கு அது திங்கட்கிழமைதான் தெரிய வந்தது. சங்கத்து ஆள் ஒருவர் கடைக்குப் போன் எடுத்துச் சொன்னார். நான் கழிவறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு நின்றேன்.

அப்போது எங்களுடைய குடியுரிமை விண்ணப்பம் போய்க்கொண்டிருந்தது. ஏற்கெனவே இரண்டு தரம் தள்ளிப் போனது. அடுத்த மாதம் நேர்முகம். வீட்டுக்குப் போய் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"இஞ்சேருங்கோ," என்றா, "நீங்கள் வாயைத் திறந்தால் அந்தப் பிள்ளைக்குக் கால் வருமோ?"

"வராது."

"அப்ப எங்கட பிள்ளையளை நினையுங்கோ."

அவவில் பிழை சொல்ல மாட்டேன். அவ கேட்டது நான் கேட்க விரும்பியதைத்தான்.

ஆறாம் நாள் ரெட்டோ வீட்டுக்குப் போன் எடுத்தார். குரல் வேறு யாருடையதோ மாதிரி இருந்தது.

"பொலிஸ் வந்து கேட்டதோ?"

"இன்னும் இல்லை."

"கேட்டால், நீங்கள் ஒரு கிலோவுக்குத்தான் செய்து தந்தனீங்கள். துண்டில அப்பிடித்தானே கிடக்கு. பிறகு நான்தான் வீட்டில அரம் வைச்சு உரைஞ்சினனான். நான் அப்பிடித்தான் சொல்லியிருக்கிறன்."

"ரெட்டோ, அது சரியில்லை..."

"கெஞ்சினது நான். உங்களுக்குப் பிள்ளையள் இருக்கு, விண்ணப்பம் இருக்கு. எனக்கு என்ன இருக்கு?"

அவருக்கு ஒரு மகள் இருந்தாள். அதை நான் அந்த இடத்தில் சொல்லவில்லை. ஏழாவது தரத்தையும் சொல்லவில்லை. தான் கெஞ்சியதால்தான் எல்லாம் வந்தது என்று அவர் நம்பிக்கொண்டிருந்தார். அந்தச் சுத்தியல் கடைக்குள்ளேயே ஒரு தரம் விழுந்தது என்று தெரிந்திருந்தால், அவர் தன்னை அவ்வளவு வெறுத்திருக்க மாட்டார். என்னை வெறுத்திருப்பார். எனக்கு அது வேண்டாமாக இருந்தது. "நன்றி" என்றேன். நான் அந்தச் சொல்லைச் சொல்லி முடித்ததும் அவர் போனை வைத்துவிட்டார்.

பொலிசார் ஒரு நிபுணரோடு கடைக்கு வந்தார்கள். கழற்றிய உறுப்பை ஒரு சின்ன உறைக்குள் வைத்திருந்தார்கள். செஃபின் பூதக்கண்ணாடியைக் கண்ணில் வைத்து அந்த விளிம்பைப் பார்த்தா. எங்கள் தொழிலில் ஒருவர் உரைஞ்சிய இடத்தைப் பார்த்தால் அவருடைய கையெழுத்தைப் பார்த்த மாதிரி. நான் இரண்டு அடி தள்ளி நின்றேன். அவ நிமிர்ந்து, உறுப்பைத் திருப்பிக் கொடுத்து, "துண்டில உள்ளதுதான் எங்கட வேலை" என்று மட்டும் சொன்னா. அவர்கள் போனார்கள்.

கதவு சாத்தியதும் என் பக்கம் திரும்பினா.

"இது அரம் வைச்ச வேலை இல்லை," என்றா. "அந்தக் கையால இப்பிடி மினுக்கவும் ஏலாது."

காத்துக்கொண்டு நின்றா. எனக்குப் பதில் சொல்ல நேரம் தந்தா. நான் தரையைப் பார்த்தேன். அவ உள்ளே போய்விட்டா. அதற்குப் பிறகு ஒரு ரிவால்வரும் என் மேசைக்கு வரவில்லை. குறிபார்க்கிற கண்ணாடிகளைப் பூட்டுகிற வேலையும் மரக் கைபிடிகளுக்கு எண்ணெய் பூசுகிற வேலையும் தந்தா. கடை அவவுடைய பெயரில், முத்திரை அவவுடையது. நான் என்னை மட்டும் பொய்யனாக்கவில்லை.

நேர்முகம் நடந்தது. மலைகளின் பெயரும் ஆறுகளின் பெயரும் கேட்டார்கள். எல்லாம் சரியாகச் சொன்னேன். பாஸ்போட் வந்த அன்று பிள்ளைகள் கேக் வெட்டினார்கள். படத்தில் நான் சிரித்துக்கொண்டுதான் நிற்கிறேன்.

ரெட்டோவுக்குத் தண்டனை கிடைத்தது. மறியல் வீட்டில் அடைக்கவில்லை. துவக்குகளை எடுத்துக்கொண்டார்கள். அதைவிடப் பெரியது மகள் கொடுத்தது. கடைக்காரர் மறுத்த வேலையைக் கள்ளமாக வீட்டில் இருந்து செய்து, அதைத் தன் பக்கத்தில் வைத்துச் சுட்ட தகப்பன் என்றுதானே அவளுக்குத் தெரியும். ஆஸ்பத்திரியால் வந்த பிறகு அவரோடு கதைக்கவில்லையாம். கனடாவும் இல்லை, பனிச்சறுக்கலும் இல்லை. அதே பள்ளத்தாக்கில், பக்கத்துக் கிராமத்தில், சுற்றுலாப் பயணிகளுக்கு வரைபடம் கொடுக்கிற கந்தோரில் வேலை. இதெல்லாம் சங்கத்து ஆட்கள் கடைக்கு வருகிறபோது சொல்வார்கள். ஒவ்வொரு முறையும் நாளைக்குப் போய்ச் சொல்லலாம் என்று நினைப்பேன். உண்மையாகவே நினைப்பேன். ஒரு தரம் டிக்கெட்டும் எடுத்து, பாதி வழியில் ரயில் மாறுகிற கூர் வரைக்கும் போய், அடுத்த ரயிலில் திரும்பி வந்தேன். மூத்தவன் வேலை தேடிக்கொண்டிருக்கிறான், சின்னவளுக்குச் சோதனை வருகிறது என்று காரணத்துக்குக் குறைவே இல்லை.

அப்படி இரண்டு குளிர்காலம் போனது. ரெட்டோ செத்துப் போனார் என்று ஒரு நாள் காலையில் செஃபின் வந்து சொன்னா. நுரையீரல் காய்ச்சலாம். சொல்லிவிட்டு என் மேசைக்கு முன்னால் நின்றா, அன்றைக்கு நின்ற மாதிரியே.

"நான்தான் செய்தனான்," என்றேன்.

"தெரியும்," என்றா. "அதை என்னட்டச் சொல்லி இனி என்ன? போங்கோ. போய் அந்தப் பிள்ளையிட்டைச் சொல்லுங்கோ."

அந்த வார முடிவில் போனேன். இந்த முறை கூரில் இறங்கித் திரும்பவில்லை. மாசி மாதம், எங்கடினில் பனி இடுப்பளவு. அவளுடைய வீடு கிராமத்தின் ஓரத்தில், நிலமட்டத்தில் ஒரு சின்ன வீடு. கதவைத் திறந்தவளுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். ஒரு கையில் ஊன்றுகோல், ஒரு பக்கம் செயற்கைக் கால். தகப்பனுடைய நண்பர் என்று சொன்னேன். உள்ளே விட்டாள், தேத்தண்ணி வைத்தாள்.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். தகப்பன் கெஞ்சியதை, நான் செய்ததை, ஏழாவது தரம் விழுந்ததை, துண்டில் எழுதிய பொய்யை, போனில் அவர் சொன்னதை. ஜெர்மனில் எனக்குச் சொற்கள் தடுமாறும். அன்றைக்கு ஒன்றும் தடுமாறவில்லை. இரண்டு வருடமாக மனதுக்குள் சொல்லிச் சொல்லிப் பாடமாகியிருந்தது.

நான் முடித்ததும் கேட்டாள்:

"அப்பா அரம் வைக்கேல்லையோ?"

"இல்லை."

"ஒரு நாளும்?"

"ஒரு நாளும் இல்லை."

தேத்தண்ணிக் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு யன்னலைப் பார்த்தாள். "அப்பா கடைசியா ஆஸ்பத்திரியில கிடக்கேக்க ஆள் விட்டுக் கேட்டவர், வரச் சொல்லி," என்றாள். "எனக்கு வேலை இருக்கெண்டு சொல்லிவிட்டனான். வேலை இருக்கேல்லை. இந்த மேசையிலதான் இருந்தனான். சுகமாகி வரட்டும், வந்த பிறகு கதைப்பம் எண்டு நினைச்சனான்."

ஏதாவது சொல்ல வேண்டும் என்பதற்காக, "நான் பொலிசுக்குப் போய் எல்லாத்தையும் சொல்லப் போறன்," என்றேன்.

"ஆருக்காக?" என்று கேட்டாள்.

கோபமாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரியாமல் கேட்கிற மாதிரிக் கேட்டாள். நான் எழும்பினேன். அவள் எழும்பவில்லை.

வெளியே வந்து, வெட்டி விட்டிருந்த பாதையால் தெருவைப் பார்த்து நடந்தேன். பாதி தூரம் வந்திருப்பேன், பின்னால் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. திரும்பினேன். செரைனா வாசலில் நின்றாள், கையில் என்னுடைய கையுறைகள். மேசையில் மறந்து விட்டிருக்கிறேன். அவள் ஊன்றுகோலைப் பனியில் குத்திக் குத்தி, வாசலைத் தாண்டி, என்னை நோக்கி வரத் தொடங்கினாள். உறைந்த பாதை. ஒவ்வொரு அடிக்கும் உடம்பு ஒரு பக்கம் சரிந்து நிமிர்ந்தது. இரண்டு தரம் வழுக்கினாள்.

நான் திரும்பி ஓடிப்போய் வாங்கியிருக்க வேண்டும். முப்பது அடித் தூரம்கூட இல்லை. போனால் அவளுக்குப் பிடிக்குமோ, தன்னை ஏலாதவள் என்று நினைத்தேன் என்று எடுப்பாளோ என்று யோசித்துக்கொண்டு நின்ற இடத்திலேயே நின்றேன். அவள் முழுத் தூரமும் நடந்து வந்தாள். மூச்சு வாங்கியது. கையுறைகளை என் கையில் வைத்தாள்.

"உங்கட சாமான் ஒண்டும் என்ர வீட்டில கிடக்கக் கூடாது," என்றாள்.

பிறகு திரும்பி, அதே பாதையால், ஒவ்வொரு அடியாக வீட்டுக்கு நடந்து போனாள். கதவு சாத்தப்படும் வரைக்கும் நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.